கனவு தலைமடையில், வேலை கடைமடையில்: பள்ளிக் கணினிக்கான கட்டற்ற மென்பொருள் எங்கே தேங்குகிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய பிராசசர் வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்கப் பள்ளிகளிலும் வீடுகளிலும் கிடக்கிற பத்து வருடப் பழைய கணினிகள் இதில் தேறாது. அப்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வார்: "லினக்ஸ் போட்டுடலாம் சார், ஃப்ரீதானே!"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். யோசனை சரிதான். ஆனால் போட்ட அடுத்த வாரமே கேள்விகள் வரிசை கட்டும். இதை யார் செய்கிறார்கள்? ஏன் காசு வாங்குவதில்லை? பிரிண்டர் ஓடாவிட்டால் யாரைக் கூப்பிடுவது? பிள்ளைகள் இதில் என்னதான் படிப்பார்கள்? ஐந்து வருடம் கழித்து இந்த மென்பொருள் இருக்குமா?

இவற்றுக்கெல்லாம் விடை, இந்த மென்பொருள்களைச் செய்கிற குழுக்கள் எப்படி இயங்குகின்றன என்பதில் இருக்கிறது. அந்தக் குழுக்களுக்குள் ஓயாத இழுபறி ஒன்று உண்டு. ஒரு பக்கம் "குழந்தை எப்படிக் கற்க வேண்டும்" என்று பெரிதாகக் கனவு காண்பவர்கள். இன்னொரு பக்கம் "அதெல்லாம் இருக்கட்டும், இந்த பக்கை (மென்பொருள் பிழையை) முதலில் சரி செய்யுங்கள்" என்பவர்கள்.

## அடிப்படை: கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

ஒரு மென்பொருளைக் கட்டற்றது என்று சொல்ல, பயன்படுத்துகிறவருக்கு நான்கு உரிமைகள் இருக்க வேண்டும். எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்குக் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது தொடங்கிய இயக்கம் இது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்து சேர்ந்ததும் முழு இயங்குதளமே சாத்தியமானது. திறமூலம் என்ற பெயர் 1998-இல் வந்தது. நடைமுறையில் இரண்டு பெயரும் பெரும்பாலும் ஒரே மென்பொருள்களையே குறிக்கும்.

இனி வரும் சில சொற்கள்:

1. மூலநிரல்: மனிதர்கள் எழுதிய, படிக்கக்கூடிய வடிவிலுள்ள நிரல்.
2. வழு: மென்பொருளில் உள்ள பிழை. பக் என்று எல்லோரும் சொல்வதுதான்.
3. பராமரிப்பாளர்: யார் அனுப்பும் மாற்றத்தை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவெடுப்பவர். ஒரு திட்டத்தின் உயிர் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் கையில்தான் இருக்கும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய கோப்புச் சுருக்க மென்பொருளில் யாரோ திருட்டுக் கதவு வைத்தது வெளியே வந்ததே, அது தனி ஆளாக, சம்பளமில்லாமல், களைத்துப் போயிருந்த ஒரு பராமரிப்பாளரின் நம்பிக்கையை நெடுநாள் உழைத்துச் சம்பாதித்துத்தான் நடந்தது.
4. வெளியீடு: மாற்றங்களையெல்லாம் சேர்த்து, சோதித்து, எண் போட்டு ஊருக்கு விடுவது.

கல்வி மென்பொருளில் மட்டும் இதோடு இன்னொன்று சேரும். எழுதுகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு. ஒரு நிரலாளர் தனக்கான எடிட்டரை எழுதினால் அதன் குறை அவருக்கே தெரியும். ஏழு வயதுக் குழந்தைக்கு எழுதினால் அந்தக் குழந்தை வழு அறிக்கை அனுப்பாது. எழுந்து போய்விடும், அவ்வளவுதான்.

## கனவு எங்கிருந்து வந்தது?

இந்தத் துறையின் கனவு பழையது. 1967-இல் சீமோர் பேபர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஓர் ஆமை. "முன்னே போ, வலது பக்கம் திரும்பு" என்று கட்டளை கொடுத்தால் அது கோடு போட்டுக்கொண்டே நகரும். கணினி குழந்தைக்குப் பாடம் நடத்தக் கூடாது, குழந்தைதான் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அப்படிச் செய்யும்போது தானும் கற்கும் என்பது பேபர்ட்டின் எண்ணம். எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இந்த வழியில் வந்ததுதான்.

கனவு ஒரு சின்ன வடிவமைப்பு முடிவில்கூட இறங்கும். 2002-இல் வந்த டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். படம் வரைந்துவிட்டுச் சேமி பொத்தானை அழுத்தினால் அது கோப்புப் பெயர் கேட்காது, எந்த ஃபோல்டர் என்றும் கேட்காது. சேமித்துவிடும். திரும்பத் திறக்கும்போது வரைந்த படங்களையே சிறிய உருவில் வரிசையாகக் காட்டும், வேண்டியதைத் தொட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் தன் படத்தைத் தானே கண்டுபிடிக்கும். "குழந்தைக்குத் தடை இருக்கக் கூடாது" என்ற பெரிய பேச்சு இங்கே ஓர் உரையாடல் பெட்டியை எடுத்து எறிந்ததில் முடிந்திருக்கிறது. கனவுக்கும் வேலைக்கும் நடுவே சண்டையே இல்லாமல் ஒத்துப்போன இடம் இது. இப்படிப்பட்ட இடங்கள் குறைவு.

## நூறு டாலர் லேப்டாப்பின் கதை

கனவு வேலையை மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம், குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற ஓஎல்பிசி திட்டம். 2005 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் நிக்கோலஸ் நெக்ரோபான்டே இதை அறிவித்தார். நூறு டாலரில் ஒரு லேப்டாப், ஏழை நாடுகளின் குழந்தைகள் கையில்.

எக்ஸ்ஓ என்ற அந்தக் கருவி உண்மையிலேயே அழகானது. வெயிலில் வைத்துப் படிக்கக்கூடிய திரை. சுகர் என்ற தனி இடைமுகம். கோப்பு, ஃபோல்டர் எதுவும் கிடையாது, குழந்தை செய்ததெல்லாம் நாட்குறிப்புப் போலப் பதிவாகும். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் மூலநிரலைத் திறந்து பார்க்க விசைப்பலகையிலேயே ஒரு விசை வைத்திருந்தார்கள். அதைவிடத் துணிச்சலான கனவைக் கல்வி மென்பொருள் உலகம் அதற்கு முன்போ பின்போ கண்டதாகத் தெரியவில்லை.

நடைமுறைக்கு வருவோம். 433 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி நினைவகம். பைதான் நிரல்மொழியில் எழுதிய சுகர் அதில் தவழ்ந்தது. விலையும் நூறில் நிற்கவில்லை, 2007-இல் 190 டாலரை நெருங்கியது. இந்தியக் கல்வி அமைச்சகம் 2006-லேயே வேண்டாமென்று சொல்லிவிட்டது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கிக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வு 2012-இல் வந்தபோது, மொழித் தேர்விலும் கணக்குத் தேர்விலும் முன்னேற்றம் தெரியவில்லை, பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் நல்ல விளைவு இருந்தது.

இதற்கிடையே குழுவே உடைந்தது. 2008-இல் எக்ஸ்ஓவில் விண்டோஸ் எக்ஸ்பியும் ஓடட்டும் என்று ஓஎல்பிசி மைக்ரோசாஃப்ட்டுடன் கைகோத்தது. மென்பொருள் பக்கத்தைக் கவனித்த வால்டர் பெண்டர் அதற்குச் சற்று முன்பே விலகி, மே மாதம் சுகர் லேப்ஸைத் தொடங்கினார். கருவி நின்றுபோன பிறகும் சுகர் இன்றுவரை தன்னார்வலர் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பலரும் இதிலிருந்து "பெரிய கனவு ஆபத்து" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். பெருவில் குறையாக இருந்தவை ஆசிரியர் பயிற்சி, பள்ளிக்கு மின்சாரம், பழுதானால் மாற்றப் பாகம், பாடத்தோடு இணைந்த பயிற்சி. இவற்றில் எதுவும் நிரல் இல்லை, எதுவும் கனவும் இல்லை.

## நடுவில் இருக்கும் வேலை

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஓர் உவமை போதும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிடலாம். கல்லணையில் முறையாகப் பிரித்தும் விடலாம். ஆனால் இடையிலுள்ள கிளை வாய்க்கால்கள் தூர்வாரப்படாமல் கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. அணையைத் திட்டியும் பயனில்லை, நாற்றங்காலோடு காத்திருக்கும் விவசாயியைக் குறை சொல்லியும் பயனில்லை. மென்பொருளுக்கும் அப்படி ஒரு நடு வாய்க்கால் உண்டு.

அந்த வாய்க்காலில் என்னென்ன வேலை? வரிசையாகப் பார்ப்போம்.

1. மொழிபெயர்ப்பு. திரையில் வரும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனி வரியாக ஒரு கோப்பில் இருக்கும். அதற்கு நேரே தமிழ் எழுத வேண்டும். ஒரு முறை முடித்தால் முடிந்துவிடாது. அடுத்த வெளியீட்டில் புதிய வரிகள் வரும், பழைய வரிகள் மாறும். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் மெனுவில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று நிற்கும். சில திட்டங்கள் மொழிபெயர்ப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்த மொழியையே வெளியீட்டிலிருந்து எடுத்துவிடும்.

2. குரல். ஜிகாம்ப்ரிஸ் என்ற தொகுப்பு 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது, இப்போது கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் கீழ் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுப் பயிற்சிகள் உண்டு. எழுத்து, எண், சொல் பயிற்சிகளில் கணினி பேச வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் அமைதியான அறையில் உட்கார்ந்து "அ", "ஆ" தொடங்கி ஒவ்வொன்றாகப் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ழகரம் சரியாக வராதவர் பேசினால் பிள்ளைகளும் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். நிரல் எழுதத் தெரியாத ஒரு தமிழாசிரியரால் இந்தத் திட்டத்துக்கு ஒரு பொறியாளரைவிட அதிகம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

3. எழுத்துருவும் விசைப்பலகையும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 அரசின் அங்கீகாரம் பெற்ற விசைப்பலகை. லினக்ஸில் அது உண்டு, ஆனால் தேடிப் பிடித்துச் செயல்படுத்த வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருபது வருடம் தட்டிப் பழகிய கைக்கு இது வேறு உலகம்.

4. நிறுவுதல். ஒரு கணினியில் போடுவது வேறு, இருபது கணினியில் ஒரே மாதிரி போட்டு, கடவுச்சொல் வைத்து, மாணவர் கலைத்ததை மறுநாள் காலை பழையபடி ஆக்கி வைப்பது வேறு.

5. பாடத்தோடு இணைத்தல். 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஏழாம் வகுப்பு அறிவியலில் டக்ஸ் பெயின்ட்டும், பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்கிராட்சும் இடம்பெற்றன. அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசிப் பாடம் தேர்வு நெருக்கத்தில் என்ன ஆகும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஸ்கிராட்ச் என்பது என்ன?" என்ற ஒரு மதிப்பெண் வினாவை மனப்பாடம் செய்துவிட்டு, அதை ஒருமுறைகூடத் திறக்காமலே தேர்ச்சி பெற முடியும்.

6. திரும்பிப் போகும் தகவல். வகுப்பில் என்ன நடந்தது என்பது மென்பொருளைச் செய்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இது பெரும்பாலும் நடப்பதே இல்லை.

## வைஃபை ஓடாத லேப்டாப்: கொள்கையும் நடைமுறையும்

இந்த இழுபறி எவ்வளவு ஆழமானது என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நல்ல சாட்சி. பரவலாகப் பயன்படும் உபுண்டு, நம் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இரண்டுக்கும் அடித்தளம் டெபியன்தான். கட்டற்ற மென்பொருள் மட்டுமே அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நெடுங்காலக் கொள்கையாக இருந்தது. ஆனால் பெரும்பாலான லேப்டாப்களின் வைஃபை சில்லுக்கு, தயாரித்த நிறுவனம் தரும் மூடிய ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) வேண்டும். அது அப்போது வட்டில் இல்லை. விளைவு, டெபியனைப் போட்டால் வைஃபை வரவில்லை. ஃபர்ம்வேரை இறக்கலாம் என்றால் அதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, அந்த ஃபர்ம்வேரையும் அதிகாரப்பூர்வ வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வெளியானது. கொள்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சிலர் இன்றும் வருத்தப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் முடிவெடுத்த முறை கவனிக்கத்தக்கது. கொள்கை ஆவணத்தை எழுத்தில் வைத்திருந்தார்கள், மாற்ற வேண்டியபோது வெளிப்படையாக விவாதித்து, வாக்களித்து, எதை விட்டுக்கொடுத்தோம் என்பதையும் எழுதி வைத்தார்கள். சத்தமில்லாமல் நழுவவில்லை.

பள்ளிக்குப் போகும் தன்னார்வலர் குழுக்களிலும் இதே சண்டை சிறிய அளவில் வரும். "மூடிய மென்பொருளையும் போடுவதென்றால் கட்டற்ற மென்பொருள் எதற்கு?" என்பார் ஒருவர். "வைஃபை வராவிட்டால் ஆசிரியர் நாளைக்கே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார்" என்பார் இன்னொருவர். இருவரும் சரி. எழுத்தில் முடிவு செய்யாததால்தான் ஒவ்வொரு பள்ளியிலும் முதலிலிருந்து சண்டை போடுகிறார்கள்.

## கேரளம் வேறாக என்ன செய்தது?

பக்கத்து மாநிலத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு முழுதாக மாறினார்கள். 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தங்கள் பாடத்துக்குத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்த ஓர் இயங்குதளத்தை அவர்களே தொகுத்துப் பள்ளிகளுக்குத் தருகிறார்கள். உரிமக் கட்டணத்தில் மட்டும் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் 2019-இல் சொன்னது. அந்தத் தொகையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து வாசித்தாலும் பெரிய விஷயம்தான்.

பணத்தைவிட முக்கியமானது அவர்கள் வேலையைப் பிரித்த விதம். ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை எடுத்தார்கள். ஐசிடி எனப்படும் தகவல் தொழில்நுட்பம் தனிப் பாடம், தனிப் புத்தகம். பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வே அந்த இயங்குதளத்தில்தான். தேர்வு இருக்கும் இடத்தில் ஆசிரியர் கவனம் இருக்கும், ஆசிரியர் கவனம் இருக்கும் இடத்தில் வழு அறிக்கை வரும். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் லேப் பராமரிப்பிலும் கை கொடுக்கின்றன.

இதில் உலகை மாற்றும் கனவு எதுவும் பெரிதாகத் தெரியாது. அதுதான் குறையும்கூட. பேபர்ட் கனவு கண்டது போல் குழந்தை கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறதா என்றால், தேர்வுக்குத் தயாராகும் வகுப்பில் அதற்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்ற கேள்வி நிற்கிறது. ஆனாலும் இருபது வருடமாக ஓடுகிற ஒன்றை, ஓடாத ஒன்றோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பாடம் இல்லை, பயிற்சி இல்லை, கேட்க ஆள் இல்லை. பிள்ளைகள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

## டெல்டாவின் நாட்காட்டி

கலிஃபோர்னியாவிலோ ஜெர்மனியிலோ இருந்து வெளியீட்டுத் தேதி குறிக்கிறவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை தெரியாது. இங்கே வேலை செய்ய நினைக்கும் குழுவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

உபுண்டுவின் ஐந்தாண்டு ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். மே மாதம் பள்ளி விடுமுறை, லேப் காலி. புதிதாக வந்ததையே போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கூடாது. முதல் திருத்தப் பதிப்பு ஜூலை இறுதி, ஆகஸ்ட் வாக்கில்தான் வரும், பழைய எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு உபுண்டுவே அதன் பிறகுதான் மேம்படுத்தச் சொல்லும். எனவே மே மாதம் போட வேண்டியது முந்தைய எல்டிஎஸ். புதியது அடுத்த மே மாதத்துக்கு.

ஜூனில் பள்ளி திறக்கும். அந்த நேரத்தில்தான் ஆசிரியர் கலந்தாய்வும் வரும். லேபைத் தூக்கி நிறுத்திய ஆசிரியர் மாறுதல் வாங்கிப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். அதனால் ஒரு பள்ளிக்கு ஒருவரைப் பயிற்றுவிப்பது போதாது. இரண்டு ஆசிரியர், ஒன்பதாம் வகுப்பில் நாலைந்து மாணவர் என்று இருந்தால்தான் அடுத்த வருடம் பிழைக்கும். ஜூலை முதல் செப்டம்பர் காலாண்டுத் தேர்வு வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. புயல் என்றால் பள்ளிக்கூடமே நிவாரண முகாமாகும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பொங்கலுக்கு முன்பின் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு.

இதிலிருந்து ஒரு தொழில்நுட்ப முடிவும் தானாக வருகிறது. இணையம் இல்லாமலே இயங்க வேண்டும். டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரிஸ் போன்றவை அப்படித்தான். விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்கக் கிவிக்ஸ் உண்டு. பாடங்களை ஒரு சிறு கணினியில் வைத்து லேப் முழுக்கப் பகிரக் கோலிப்ரி உண்டு, ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினியிலேயே அது ஓடும். நேரடி இணையம் கேட்கும் எந்த அழகான கல்விச் செயலியும் டெல்டாவில் நவம்பர் மாதம் தோற்கும்.

## குழுக்களுக்குள் ஏன் சண்டை வருகிறது?

காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் நன்றாக இயங்குகின்றன. கணியம் போன்ற அமைப்புகள் தமிழில் எழுதிக் குவித்திருக்கின்றன. திருச்சி, தஞ்சை, கும்பகோணம் பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்குக் குறைவில்லை. குறை வேறு இடத்தில்.

கூகுள் 2005 முதல் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. சுகர் லேப்ஸ், கேடிஈ போன்ற குழுக்கள் அதில் பங்கேற்று வந்திருக்கின்றன. ஒரு மாணவர் மூன்று மாதத்தில் புதிய வசதி ஒன்றை எழுதி முடிக்கிறார். நல்லது. பிறகு கேம்பஸில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார். அந்த வசதியில் வரும் வழுக்களை யார் பார்ப்பது? பழைய பராமரிப்பாளர். அவருக்கு உதவித்தொகை கிடையாது. திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறவர்களுக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத நிகழ்வில் ஒரு டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்க ஒப்புக்குத் திருத்தம் அனுப்பிக் குவித்து, 2020-இல் விதியையே மாற்ற வேண்டி வந்தது. அந்தக் குவியலில் இந்திய மாணவர்களின் பங்கு கணிசம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

காரணம் எளிது. புதிய வசதி பயோடேட்டாவில் ஏறும். "பழைய மொழிபெயர்ப்பில் 340 வரியைச் சரிபார்த்தேன்" என்று எழுதினால் நேர்காணலில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

குழு நடத்துகிறவர்கள் செய்யக்கூடியவை சில:

1. கனவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அதில் குழந்தை என்ன செய்யும் என்று இருக்க வேண்டும். "டிஜிட்டல் புரட்சி" என்ற சொல் இருந்தால் அடித்துவிடுங்கள். "நான்காம் வகுப்புப் பிள்ளை தன் ஊர் வாய்க்காலை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் எழுதிச் சேமிக்கும்" என்பது கனவு. அதிலிருந்து தேவையான வேலை தானாக விழும்: தமிழ் விசைப்பலகை, எழுத்துரு, சேமித்ததை அச்சிடுவது.

2. புதிய பள்ளி ஒன்றை எடுப்பதற்கு முன், ஏற்கெனவே எடுத்த பள்ளிகளுக்கு யார் போகிறார்கள் என்று பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் போட ஆள் இல்லையா, புதிய பள்ளி வேண்டாம். கசப்பான விதி, ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் லேப்கள் இந்த விதி இல்லாததால்தான்.

3. வேலை முடித்தவருக்குத்தான் முடிவெடுக்கும் உரிமை என்று பல குழுக்களில் எழுதாத சட்டம் உண்டு. நிரலுக்கு அது சரி. கல்விக்குப் போதாது. நிரலே எழுதாத ஆசிரியரின் வாக்குக்கு அங்கே இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழு தனக்குத் தானே எழுதிக்கொள்ளும்.

4. மூலத் திட்டத்துக்கே திருத்தத்தை அனுப்புங்கள். உங்கள் பென் டிரைவில் மட்டும் சரி செய்து வைத்தால் அடுத்த பதிப்பில் அதே வழு மறுபடி வரும்.

## ஆசிரியர் எழுதும் வழு அறிக்கை

ஆறாவது வேலை என்று மேலே சொன்னது, தகவல் திரும்பிப் போவது. இதற்கு ஆங்கிலப் புலமையோ நிரலறிவோ வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் போதும், குழுவில் ஒருவர் ஆங்கிலமாக்கி அனுப்பிவிடலாம்.

உதவாத அறிக்கை: "தமிழ் சரியா வரல. பாத்து செய்யுங்க."

உதவும் அறிக்கை இப்படி இருக்கும்: "ஓவியச் செயலியில் எழுத்துக் கருவியை எடுத்து 'கொக்கு' என்று தட்டினேன். ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் விழுகிறது. இதே சொல் லிப்ரே ஆஃபிஸில் சரியாக வருகிறது. தமிழ்99 விசைப்பலகை. நான்கு கணினிகளில் பார்த்தேன், நான்கிலும் இப்படித்தான். படம் இணைத்திருக்கிறேன்."

இரண்டாவதைப் படித்ததுமே பராமரிப்பாளருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். வேறு செயலியில் சரியாக வருகிறது என்பதால் எழுத்துரு மேல் தப்பில்லாமல் இருக்கலாம், எழுத்துகளைக் கோக்கும் இடத்தில்தான் சிக்கல் என்று தேடத் தொடங்குவார். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, வேறெங்கே நடக்கிறது, வேறெங்கே நடக்கவில்லை. இவ்வளவுதான் கேட்கப்படுவது.

## மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பள்ளிக் கணினியில் கை வைப்பதற்கு முன் சில சோதனைகள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், எதையும் அழிக்கத் தேவையில்லை. வைஃபை, ஒலி, ப்ரொஜெக்டர், பிரிண்டர் நான்கையும் அப்படியே சோதித்துவிடுங்கள். 2 ஜிபி நினைவகம் என்றால் எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்கியூட்டி போன்ற இலகுவான திரைச்சூழல்தான் தாங்கும். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகம், எந்த மென்பொருள் மாற்றத்தாலும் கிடைக்காது. 32 பிட் மட்டும் ஓடும் மிகப் பழைய கணினி என்றால் தேர்வுகள் குறைந்துவிட்டன, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கான நிறுவியே இல்லை.

எல்லோரும் மறப்பது பழைய வினாத்தாள்களை. பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய வேர்டு கோப்பை லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துரு இங்கே இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் இருக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப் நகலும் எடுத்துவிடுவது நல்லது. மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அட்டவணைக்குள் இருக்கும் எழுத்துகளிலும், கணக்குக் குறிகளிலும் அவை தடுமாறும், கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்து வருட வினாத்தாள் இருக்கும் பள்ளியில் இதற்கே ஒரு கோடை விடுமுறை போய்விடும், லினக்ஸ் போடும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.